அப்பாவுக்கு ஒரு சுருட்டு

எங்கள் ஊர்க் கடையின் முகப்புக் கம்பில் ஒரு கயிறு எந்நேரமும் புகைந்துகொண்டு தொங்கும். தென்னந்தும்பில் முறுக்கிய தடித்த கயிறு. நுனியில் மட்டும் நெருப்பு இருக்கும். சுருட்டு வாங்குகிறவர்கள் அந்த நுனியைப் பிடித்து ஊதி, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு போவார்கள். தீப்பெட்டி அப்போது வீட்டுக்கு வீடு கிடையாது. கடைக்காரர் காலையில் பலகைகளைக் கழற்றி வைத்ததும் முதலில் அந்தக் கயிற்றுக்குத்தான் நெருப்பு வைப்பார். தராசு துடைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தேற்றாத்தீவுப் பக்கம் எங்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. எங்கள் வயல்கள் அங்கேதான் இருந்தன. ஆட்கள் தோணியில் போய்த் தோணியில் வருவார்கள். தோணித்துறையில் இருந்து ஊருக்குள் ஏறுகிற வழியில்தான் கடை. கடைக்காரர் காத்தான்குடி ஆள். வியாழன் பின்னேரம் கடையைப் பூட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போனால் சனிக்கிழமை காலையில் வருவார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். எல்லோருக்கும் அவர் காக்கா. அவரை விட மூத்தவர்களும் காக்கா என்றே கூப்பிட்டார்கள்.

சுருட்டுக் குடிக்கிற பெரியவர்கள் சுருட்டு வாங்க எழும்பிப் போகமாட்டார்கள். இது எங்கள் பக்கத்துப் பழக்கம். வயலுக்குப் போகிற வழியில் வாங்கினால் உண்டு. வீட்டில் இருக்கும்போது பிள்ளைதான் ஓடவேண்டும். ஓடி வாங்கி வந்து, அடுப்படியில் குந்தி, தணலில் நுனியைக் காட்டி, இரண்டு இழுப்பு இழுத்து, நெருப்புச் சுற்றிவரப் பிடித்துவிட்டதா என்று பார்த்து, வழியில் அணையாமல் அப்பாவின் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அண்ணன்மார் இருவரும் மாடுகளுக்குப் பின்னால் திரிந்தபடியால் ஆறு வயதில் அந்த வேலை எனக்கு வந்தது. அப்பா வருகிறவர்களிடம் சொல்லுவார்: “என்ட மகள் பத்தவைச்சா நடுவில அணையாது.” அந்தச் சொல்லில் எனக்குப் பெருமை. பொய் சொல்வானேன், இன்றைக்கும் அதை நினைத்தால் பெருமைதான்.

அந்த இரண்டு இழுப்பை யாரும் சுருட்டுக் குடிப்பதாக எண்ணவில்லை. அடுப்பு ஊதுவதைப் போல, விளக்குக்குத் திரி போடுவதைப் போல, அது வீட்டு வேலையில் ஒன்று. அம்மாவும் அப்படித்தான் எண்ணினார். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆறு வயதில் இரண்டு இழுப்பு, எட்டு வயதில் நாலு இழுப்பு ஆனதை என்னைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை.

பத்து வயதில், தைப்பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், எனக்கு அம்மாள் வருத்தம் வந்தது. அம்மை நோயைத்தான் அப்படிச் சொல்லுவோம். உடம்பெல்லாம் கொப்புளம். வாழையிலையில் கிடத்தி, வேப்பிலையால் வீசிக்கொண்டு அம்மா பக்கத்திலேயே இருந்தார். மூன்றாம் நாள் எனக்கு நினைவு தப்பியது. அப்போது அப்பா அம்மன் கோயிலுக்குப் போய், மடியில் செருகியிருந்த சுருட்டை எடுத்து நொறுக்கி வாசலில் கொட்டிவிட்டு, “பிள்ளையத் தா தாயே, இனி இத நான் தொடமாட்டன்” என்று நேர்ந்துகொண்டு வந்தாராம். வெளியில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஊருக்கே தெரிந்த நேர்த்தி அது. ஐந்தாம் நாள் நான் கண் திறந்தேன். முகத்தில் ஏழெட்டுத் தழும்போடு எழும்பினேன். அவை இன்னும் இருக்கின்றன.

அப்பா வாக்குத் தவறவில்லை. இருபத்தைந்து வருடம் குடித்த மனிதர், ஒரே நாளில் விட்டார். முதல் மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெறும் வாயை மென்றுகொண்டு வீட்டைச் சுற்றிய வளவில் மேலும் கீழும் நடப்பார். எதற்கெடுத்தாலும் அண்ணன்மாரோடு சண்டைக்குப் போவார். எல்லோரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

என்னைப் பார்த்து ஒருவரும் பரிதாபப்படவில்லை. ஏனென்றால் நானும் விட்டிருந்தேன் என்பது ஒருவருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. தலை இடித்தது. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. மத்தியானத்தில் அடுப்படிக்குப் போய்க் காரணம் இல்லாமல் குந்திக்கொண்டிருப்பேன். வருத்தத்தின் மிச்சம் என்று அம்மா கசாயம் காய்ச்சித் தந்தார். ஒரு நாள் பக்கத்து வளவில் யாரோ சுருட்டுப் பற்றவைத்த மணம் வேலியைத் தாண்டி வந்தது. எனக்கு என்ன வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது.

வருத்தத்தால் எழும்பியதற்கு மாமி எனக்கென்று ஒரு பேட்டுக் கோழி தந்திருந்தார். அது அப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருந்தது. முட்டையோ தேங்காயோ கொண்டுபோய்க் கொடுத்துச் சாமான் வாங்குவது அந்த நாளில் எல்லோரும் செய்ததுதான். ஒரு முட்டையை எடுத்துச் சட்டைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். யாருக்கு என்று கேட்டால் சொல்ல, ‘அப்பாவுக்கு’ என்ற சொல்லை வழியெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டே போனேன்.

“என்ன மகள், சொகமாயிட்டா?” என்று காக்கா கேட்டார்.

“ஓம் காக்கா.”

“ஆண்டவன் காப்பாத்தினான். என்ன வேணும்?”

“சுருட்டு.”

யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடை வாசல் வாங்குப் பலகையில் தூங்கிக்கொண்டிருந்த தோணிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். வைத்திருந்த சொல் வீணாகக் கூடாதென்று நானாகவே, “அப்பாவுக்கு” என்றேன்.

“மெல்லமாப் பேசு புள்ள,” என்றார் காக்கா. இரண்டு சுருட்டை எடுத்து வாழைச் சருகில் சுற்றி, அதன்மேல் கொஞ்சம் புளியை வைத்து, பார்க்கிறவர்களுக்குப் புளி என்று தெரிகிற விதமாகக் கட்டினார். “ஆக்கள் இல்லாத நேரம் பாத்து அவர்ர கையில குடு. வழியில ஆரு கேட்டாலும் புளி எண்டு சொல்லு. நேர்த்தி எண்டா லேசான காரியமா? மனிசன் பாவம்.”

எனக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அதே நேரம் பயமாகவும் இருந்தது. நான் சொன்ன பொய்யை நான் நினைத்ததை விடப் பெரிதாக அவரே வளர்த்துக் கட்டித் தந்துவிட்டார்.

பிறகு அது வழமையாகிவிட்டது. மூன்று நாளைக்கு ஒரு தடவை போவேன். வாங்குகிற நேரம் சாமானின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. நான் படியில் நின்றால் போதும், காக்காவின் கை தானாகச் சருகை எடுக்கும். பின்னேரம் கன்றுகளுக்கு நுளம்பு கடிக்காமல் புகை போடுவது என் வேலை. ஆற்றங்கரைத் தாழைகளுக்குப் பின்னால் சருகையும் சாணத்தையும் குவித்து, சிரட்டையில் கொண்டுபோன தணலைப் போட்டுவிட்டு, அந்தப் புகையோடு புகையாக நானும் குடிப்பேன். வீட்டுக்கு வரும்போது என்னில் புகை மணந்தால் கன்றுப் புகை என்றுதான் நினைப்பார்கள். முட்டை குறைவதைக் கண்டு அம்மா கீரியைத் திட்டினார். அண்ணன் கீரிக்குப் பொறியும் வைத்தான்.

அந்த வைகாசியில் அம்மன் கோயில் சடங்குக்குக் கல்யாணக்கால் கொண்டுவரும் முறை எங்கள் குடிக்கு, எங்கள் வம்சத்தாருக்கு, வந்தது. பூவரசங்கிளை வெட்டி, பட்டுச் சுற்றி, தோளில் வைத்து மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் குடியில் தோள் கொடுப்பதற்கு அப்பாவைத்தான் கேட்டார்கள். மகளுக்காக நேர்ந்து வாக்குத் தவறாத மனிதன் என்று வண்ணக்கரே சொன்னாராம். கோயில் காரியங்களுக்கெல்லாம் பொறுப்பான பெரியவர் அவர். அவர் வாயால் அப்படி ஒரு சொல் வருவது லேசில் நடக்காது. அம்மா அதை எத்தனை பேரிடம் சொன்னார் என்று எனக்கு எண்ணிச் சொல்ல முடியாது.

சடங்குக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கற்பூரமும் சாம்பிராணியும் வாங்க அம்மாவே கடைக்குப் போனார். நான் வீட்டில் அரிசி இடித்துக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பி வந்தபோது கையில் கற்பூரப் பொட்டலத்தோடு ஒரு சருகுப் பொட்டலமும் இருந்தது. எனக்குத் தெரிந்த கட்டு. உலக்கை கையிலேயே நின்றுவிட்டது.

அப்பா முற்றத்தில் குந்திக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அம்மா பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தார்.

“இது என்ன?”

அப்பா பிரித்துப் பார்த்தார். “சுருட்டு.”

“அது எனக்கும் தெரியும். ஆருடது?”

“என்னட்டக் கேட்டா?”

“வேற ஆருட்டக் கேக்க? காக்கா தந்துவிட்டவர். உங்களுக்குள்ளதாம். பிள்ளை இண்டைக்கு வரல்லையாம், மனிசன் தவிச்சுப் போயிருப்பாராம், நீங்க கொண்டு போங்க தங்கச்சி எண்டு என்ட கையில வைக்கிறார். எனக்கும் தெரிஞ்ச காரியம் எண்டு நெனச்சிட்டார் போல. மாசியில இருந்து பிள்ளைதான் கொண்டு போறதாம்.”

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வயலில் தண்ணீர் குறைந்தால் வரம்பு எங்கே உடைந்தது என்று தேடிக்கொண்டு போவாரே, அந்தப் பார்வை. என் முகம், என் கை, உலக்கை என்று பார்த்துக்கொண்டே வந்து, உடைந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஓம்,” என்றார். “நான்தான்.”

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அப்படியே நிலத்தில் இருந்தார். வெற்றிலைப் பெட்டியை இழுத்து, வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, யாழ்ப்பாணப் புகையிலையில் ஒரு துண்டு கிள்ளி வைத்து, மடித்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேசினார்.

“அது இந்தப் பிள்ளைட உசிருக்குக் குடுத்த வாக்கு. தாயாத் திருப்பித் தந்தா. இப்ப அவ வந்து கேட்டா என்னத்தக் குடுப்பீங்க?”

“சடங்குக்கு நான் தோள் குடுக்க ஏலா,” என்றார் அப்பா. “பொழுது சாய முதல் வண்ணக்கரிட்டப் போய்ச் சொல்லுறன். வேற ஆள் பாக்கட்டும்.”

உலக்கையை விட்டுவிட்டு நான் வந்தேன். “அம்மா, அப்பா குடிக்கல்ல. நான்தான் குடிச்சன்.”

அம்மா என் கன்னத்தில் அறைந்தார். என் பிறப்பில் அவர் கையால் வாங்கிய அடிகளில் அதுதான் வலித்தது.

“அப்பனுக்காகப் பொய் சொல்லவும் பழகிட்டியா? பொம்புளைப் பிள்ளை சுருட்டுக் குடிக்குமா? ஆரும் கேட்டா வாயாலயா சிரிப்பாங்க?”

“அவள விடு,” என்று சொல்லிவிட்டு அப்பா கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். குளித்து, வேட்டி மாற்றி, வண்ணக்கர் வீட்டுக்குப் போவார். போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஊர் உள்ள மட்டும் அவர் வாக்குத் தவறிய ஆள். அதற்கு மேல் எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. வாக்கை உடைத்தது யார் என்று அம்மாவை ஏமாற்றலாம், ஊரை ஏமாற்றலாம். கோயிலில் இருக்கிறவளுக்குத் தெரியுமே.

நான் கடைக்கு ஓடினேன். பேச்சு அங்கேயிருந்துதான் புறப்பட்டது. காக்கா வந்து மாற்றிச் சொன்னால் அம்மா நம்புவார் என்று நினைத்தேன். கடையில் காக்காவும் வாங்கில் தோணிக்காரரும் இருந்தார்கள்.

“காக்கா, நீங்க வந்து எங்கட அம்மாட்டச் சொல்லணும். அந்தச் சுருட்டெல்லாம் எனக்குத்தான் வாங்கினன். அப்பாவுக்கு இல்ல.”

காக்கா கையில் இருந்த அளவுப் படியைக் கீழே வைத்தார். “வீட்டில சண்டையா? என்ட பிழை மகள். தங்கச்சிக்குத் தெரியும் எண்டு நெனச்சிட்டன்.”

“சண்டை இல்ல. நான்தான் குடிச்சன்.”

அவர் முகம் இளகிப்போனது. தோணிக்காரரிடம் திரும்பி, “பாத்தீங்களா, வாப்பாட மானத்தக் காப்பாத்த இந்தப் புள்ள என்ன பேச்சுப் பேசுது எண்டு. எனக்கு இப்பிடி ஒரு மகள் இல்லையே,” என்றார்.

தோணிக்காரருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. “காக்கா, சுருட்டுக் குடிக்கிற பெரிய பொம்புள ஒண்டு வந்திருக்கு. வாங்கத் தட்டிப் போட்டு, வெத்திலத் தட்டத்த வைக்கல்லையா? இஞ்சே மனே, சுருட்டு மட்டுந்தானா? சாராயமும் உண்டா?”

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். மூன்று மாதமாக நான் சொன்ன பொய்யை நம்பினார்கள். உண்மை சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பொய்க்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

காக்காவுக்கு முன்னால் சுருட்டுக் கட்டு திறந்தபடி இருந்தது. ஒன்றை எடுத்தேன். வால் நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினேன். கால் பெருவிரலில் எம்பி முகப்புக் கயிற்றை இழுத்து, நெருப்பை ஊதிச் சிவக்கவைத்து, சுருட்டை ஒட்டிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்தேன். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் கருகாமல் பற்றவைப்பது எல்லோருக்கும் வராது. எனக்கு அது நாலு வருடத்துக் கைப்பழக்கம். படியில் குந்தி, ஆறுதலாக இழுத்து, மூக்கால் விட்டேன். ஒரு இருமல் இல்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தோணிக்காரரின் வாய் திறந்தபடி நின்றது. அவர் வாயில் இருந்த பீடி மடியில் விழுந்து வேட்டியைச் சுட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

நான் பாதிச் சுருட்டு வரைக்கும் குடித்தேன். காக்கா வந்து என் விரல்களுக்கு இடையில் இருந்து அதை மெல்ல எடுத்து மண்ணில் தேய்த்தார்.

“எத்தின நாளா?”

“ஆறு வயசில இருந்து.”

அவர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டினார். வியாழன் பின்னேரத்தைத் தவிர வேறு நாளில் பொழுது இருக்க அந்தக் கடையைப் பூட்டியதை அன்றுதான் கண்டேன். “வா மகள்,” என்று முன்னால் நடந்தார்.

ஆற்றங்கரை வழியில் அப்பா எதிரில் வந்துகொண்டிருந்தார். ஈரத் தலை, வெள்ளை வேட்டி. எங்கள் இருவரையும் சேர்த்துக் கண்டதும் நின்றுவிட்டார்.

“அண்ணன், வீட்டுக்குக் கிறுகுங்க,” என்றார் காக்கா. “வண்ணக்கரிட்டப் போக ஒண்டும் இல்ல. பிழை என்னில. இந்தப் புள்ள என்ட கண்ணுக்கு முன்னால குடிச்சுக் காட்டிப்போட்டுது.”

“எனக்குத் தெரியும்,” என்றார் அப்பா.

“தெரிஞ்சுமா நான்தான் எண்டு சொன்னீங்க?”

“பின்ன என்ன சொல்ல? முதல் சுருட்ட அவட வாயில வைச்சது ஆரு? நான் வைக்கல்லையா? அப்ப நான்தானே.”

காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “ஒரு நாளாவது ஆருக்கெண்டு கேட்டிருக்கலாம் நான். கேட்டா உங்கட நேர்த்தியச் சந்தேகப்பட்டதாகும் எண்டு வாயப் பொத்திக்கொண்டு இருந்தன். உங்கள மறைக்கிறன் எண்டு நெனச்சு இந்தப் புள்ளயக் கெடுத்துப்போட்டன்.”

“நீங்க கேட்டிருந்தா அவ அப்பாவுக்கு எண்டுதான் சொல்லியிருப்பா.”

“ஓம், சொன்னவ. நான் கேக்க முதலே சொன்னவ.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

வீட்டில் காக்கா முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா என் வாயை மணந்து பார்த்தார். பிறகு இழுத்துக்கொண்டுபோய்ச் சாம்பலாலும் மஞ்சளாலும் பல்லையும் நாக்கையும் தேய்த்தார். தேய்க்கும்போதெல்லாம் அழுதார். அது கோபமா ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் வாக்கு உடையவில்லை என்பதில் அவருக்கு ஆறுதல் இருந்திருக்கும். மறுநாள் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்தி, அப்பா சொன்ன அதே சொல்லை என்னைக் கொண்டும் சொல்லுவித்தார். அந்த வைகாசியில் அப்பா தோள் கொடுத்தார். பட்டுச் சுற்றிய கிளை அவர் தோளில் வந்தபோது நான் கூட்டத்துக்கு முன்னால்தான் நின்றேன். ஒளிந்து நிற்கவில்லை.

ஒளிந்தும் பயன் இல்லை. தோணிக்காரர் இரண்டு கரைக்கும் கதையைக் கொண்டுபோயிருந்தார். கலியாணம் முடிக்கும் வரைக்கும் எனக்குச் சுருட்டுக்காரி என்று பெயர். கூப்பிட்டவர்களுக்கு என்ன என்று திரும்பிக் கேட்டுவிட்டு நடந்தேன். சும்மா கிடைத்த பெயர் அல்லவே.

காக்கா அடுத்த நாளே ஒரு முடிவு எடுத்தார். இனிப் பிள்ளைகள் கையில் சுருட்டோ புகையிலையோ கொடுப்பதில்லை, பெரியவர்கள்தான் வரவேண்டும். எங்கள் ஊரில் அது எட்டு ஒன்பது நாள் நின்றது. முதலில் நிறைய வயல் உள்ள ஒரு போடியார் ஆள் அனுப்பிக் கேட்டார்: “என்ட பேரனும் அந்தப் பொட்டையப் போலக் கள்ளன் எண்டா காக்கா சொல்லுறார்?” இன்னொருவர் வந்து கடை வாசலில் நின்று, தன் பிள்ளையை நம்பாத கடையில் தனக்கு உப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தாய்மார் வந்து, வெற்றிலைக்குப் புகையிலை வாங்க நாங்கள் அடுப்பை விட்டுவிட்டு வரவா என்றார்கள். காக்கா வெளியூர் ஆள். எல்லோருடைய முகத்தையும் பார்த்துத்தான் அவர் அங்கே இருக்க முடியும். பத்தாம் நாள் பழையபடி பிள்ளைகள் கையில் கொடுக்கத் தொடங்கினார். முகப்புக் கயிற்றை மட்டும் ஒரு முழம் உயர்த்திக் கட்டினார். யாருடைய மனமும் நோகாமல் அவரால் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது எங்கள் சந்திக் கடையில் ஒரு பலகை தொங்குகிறது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். வயது குறைந்தவர்களுக்குப் புகைப்பொருள் விற்கக் கூடாதாம். அதற்குக் கீழே நின்றுதான் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், “மாமா கேட்டவர்” என்று ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டு போனான். கடைக்காரர்கள் காசாசை பிடித்துத்தான் விற்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியும் இருப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒரு முட்டைக்கு ஆசைப்பட்டவர் அல்ல. பிள்ளையை அவர் பார்க்கவில்லை, பிள்ளைக்குப் பின்னால் நின்ற அப்பாவைத்தான் பார்த்தார். பிள்ளையை ‘நீ பொய் சொல்கிறாய்’ என்றால் அது வீட்டுக்காரரைச் சொன்னதாக ஆகிவிடும். எங்கள் ஆட்கள் நஞ்சு என்றாலும் பொறுப்பார்கள், அந்தச் சொல்லைப் பொறுக்கமாட்டார்கள். குற்றம் யாருடையது என்று என்னைக் கேட்டால் நான் காக்காவை மட்டும் காட்டமாட்டேன். அடுப்படியில் என்னைக் குந்தவைத்தவர்களையும் காட்டுவேன். அப்பா தன்னைத்தானே காட்டிவிட்டார். மற்றவர்கள் காட்டவில்லை.

இனிக் கடைப் பக்கம் போனால் காலை முறிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தார். அந்தச் சொல்லும் சடங்கு முடிந்து கொஞ்ச நாளைக்குத்தான் நின்றது. ஒரு மத்தியானம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அண்ணன்மாரைக் கூப்பிட்டார். அவர்கள் படுவான்கரையில். என்னைக் கூப்பிட்டார்.

“ஓடிப்போய் ரெண்டு தேங்காயக் குடுத்து வெத்திலையும் ஒரு துண்டுப் புகையிலையும் வாங்கிக்கொண்டு வா. நேரா வரணும்.”

தேங்காயைத் தூக்கிக்கொண்டு போனேன். காக்கா என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். வெற்றிலை என்றேன், எண்ணி வைத்தார். புகையிலை என்றேன். அவர் கை நின்றுவிட்டது.

“ஆருக்கு மகள்?”

மூன்று மாதம் ஒரு தடவையும் கேட்காத கேள்வி. அன்றுதான் கேட்டார்.

“அம்மாவுக்கு.”

என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். நான் சொன்னது உண்மை. ஆனால் முன்பு சொன்ன பொய்யையும் இதே முகத்தோடு, இதே குரலில்தான் சொன்னேன். உண்மைக்கென்று என்னிடம் வேறு முகம் இருக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. என்னை நம்பாமல் விட்டால் நாளைக்கு அம்மா வந்து வாசலில் நிற்பார். அதுவும் இருவருக்கும் தெரிந்தது.

காக்கா புகையிலையில் ஒரு துண்டு வெட்டி, சருகில் சுற்றி, என் கையில் கொடுத்தார்.